கேஸ்ட்ரிக் பைபாஸ் முடிந்து பத்தாவது மாதத்தில் கர்ப்பம்: இரும்பு மாத்திரையை இரண்டாகப் போட்டால் போதுமா?

உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். எடை குறைப்புக்காக கேஸ்ட்ரிக் பைபாஸ் (இரைப்பையைச் சின்னதாக்கிக் குடலை மாற்றி இணைக்கும் அறுவை) செய்து 10 மாதம் ஆகிறது, 104 கிலோவிலிருந்து 71-க்கு வந்திருக்கிறீர்கள், எதிர்பாராமல் கர்ப்பம், இப்போது 9-வது வாரம். ஹீமோகுளோபின் 9.4, ஃபெரிட்டின் 6, பி12 168, வைட்டமின் டி 13. ஆபரேஷன் முடிந்தபோது எழுதிக்கொடுத்த வைட்டமின் மாத்திரைகளை "உடம்பு நல்லாத்தானே இருக்கு" என்று நான்கு மாதமாக விட்டுவிட்டீர்கள். இப்போது கொடுத்திருக்கும் இரும்புச் சத்து மாத்திரையை ஒன்றுக்கு இரண்டாகப் போட்டால் ரத்தம் ஏறுமா என்பது நீங்கள் கேட்ட கேள்வி. கேட்க வந்தது அது மட்டும் இல்லை என்பது கடைசி வரியில் தெரிகிறது: சீக்கிரமே தரித்துவிட்டதால் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமா, சொந்தத்தில் ஒருவர் கலைத்துவிடச் சொல்கிறாரே, அது சரிதானா. எல்லாவற்றுக்கும் வருகிறேன். ஆனால் நடுவில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், "மூன்று வாரமாக தினமும் ஐந்தாறு தடவை வாந்தி" என்று. அந்த வரியைப் பார்த்துத்தான் கையிலிருந்த வேலையை ஒதுக்கிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவர் இல்லை, மருத்துவ உணவியலாளர். எடை குறைப்பு அறுவை செய்துகொண்டவர்களுக்கு உணவும் சத்து மாத்திரைகளும் திட்டமிட்டுக் கொடுப்பதுதான் 16 வருடமாக என் வேலை, அதில் கர்ப்பமாகி வந்தவர்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். ஊசி, டோஸ் போன்றவற்றை உங்களை நேரில் பார்க்கிற மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். நான் கீழே சொல்லும் அளவுகளை அவரிடம் பேசுவதற்காக வைத்துக்கொள்ளுங்கள், கடையில் போய் வாங்குவதற்காக இல்லை.

சரி, வாந்தி. மசக்கை என்றால் வாந்தி வரத்தானே செய்யும் என்று வீட்டில் சொல்வார்கள், மற்ற பெண்களுக்கு அது பெரும்பாலும் சரிதான். உங்கள் விஷயம் வேறு. தயாமின் என்று ஒரு வைட்டமின், பி1 என்றும் சொல்வார்கள், அதை நம் உடம்பு இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் சேர்த்து வைக்க முடியாது. நீங்கள் நான்கு மாதமாக மாத்திரை போடவில்லை, சாப்பிடுவதே கையளவு, அதிலும் மூன்று வாரமாக வாந்தி. இருப்பு அநேகமாகத் தீர்ந்திருக்கும். இந்த நிலையில் நம் ஊரில் எல்லோரும் செய்வதைத்தான் நீங்களும் செய்வீர்கள்: தெருமுனை கிளினிக்குக்குப் போய் "டயர்டா இருக்கு, ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திவிடுங்க" என்பீர்கள். குளுக்கோஸை எரித்து சக்தியாக்க உடம்புக்குத் தயாமின் வேண்டும். மிச்சமிருக்கும் கொஞ்சமும் அந்த பாட்டிலோடு செலவாகிவிட்டால் மூளையில் சில பகுதிகள் பாதிக்கப்படும், சில மணி நேரத்திலேயேகூட. வெர்னிக்கி என்று அந்த நோய்க்குப் பெயர்.

சில வருடம் முன்பு 11 வாரக் கர்ப்பத்தோடு ஒரு பெண்ணை எங்கள் வார்டுக்குக் கூட்டி வந்தார்கள். இரைப்பையின் பெரும்பகுதியை எடுத்துவிடும் ஸ்லீவ் அறுவை செய்தவர், மூன்று வார வாந்தி, ஊரில் ஒரு கிளினிக்கில் இரண்டு நாளில் மூன்று பாட்டில் குளுக்கோஸ் ஏறியிருந்தது. கணவர் வாசலில் நின்றுகொண்டு சொன்னார், "நேத்து ராத்திரியிலிருந்து குடிச்சவங்க மாதிரி தள்ளாடுறா மேடம், என்னைப் பார்த்தா ரெண்டா தெரியுதுங்கிறா." பக்கத்தில் போய்ப் பார்த்தேன், என் விரலைப் பார்க்கச் சொன்னால் இரண்டு கருவிழியும் நிற்காமல் படபடவென்று ஆடிக்கொண்டிருந்தன. தயாமின் ஊசி போட ஆரம்பித்ததும் கண் இரண்டு மூன்று நாளில் நின்றது. நடை சரியாக நான்கு மாதம் ஆனது. இத்தனைக்கும் அந்த ஊசி விலை அதிகமில்லாத ஊசி. அந்த கிளினிக்கில் இருந்தவருக்கு இவர் அறுவை செய்தவர் என்பதே தெரியாது, இவரும் சொல்லவில்லை, சொல்ல வேண்டும் என்று இவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அதனால் நாளை காலையே மருத்துவமனைக்குப் போங்கள். "எனக்கு எடை குறைக்க வயித்துல பைபாஸ் ஆகியிருக்கு, மூணு வாரமா வாந்தி, டிரிப் போடுறதா இருந்தா முதல்ல தயாமின் போடுங்க" என்று இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். தண்ணீர்கூடத் தங்கவில்லை, அல்லது பார்வை இரண்டாகத் தெரிகிறது, நடை தடுமாறுகிறது, பேச்சில் குழப்பம் வருகிறது என்றால் காலை வரைக்கும் இருக்க வேண்டாம், இப்போதே கிளம்புங்கள். வாந்தியை நிறுத்தக் கர்ப்பத்தில் கொடுக்கக்கூடிய மருந்துகள் இருக்கின்றன, அதைக் கேட்டு வாங்குங்கள். இன்னொன்றும் உண்டு: பைபாஸ் செய்தவருக்கு வரும் வாந்தி முழுவதும் மசக்கைதான் என்று யாரும் பார்க்காமலே முடிவு செய்யக் கூடாது. தையல் போட்ட இடம் சுருங்கியிருந்தாலும் அங்கே புண் வந்திருந்தாலும் வாந்தி வரும், குடல் சிக்கினாலும் வரும். உங்கள் சர்ஜனுக்கும் ஒரு போன் போட்டுவிடுங்கள்.

கலைத்துவிடுவது பற்றி. அறுவைக்குப் பிறகு 12 முதல் 18 மாதம் காத்திருங்கள் என்று பல வழிகாட்டுதல்களில் இருப்பது உண்மைதான். எடை வேகமாக இறங்கிக்கொண்டிருக்கும் மாதங்களில் அம்மாவுக்கே சத்து பற்றாது என்பதுதான் காரணம். ஆனால் அதற்கு முன்னால் தரித்துவிட்டால் அந்தக் காரணத்துக்காக மட்டும் கலைக்க வேண்டும் என்று எந்த வழிகாட்டுதலும் சொல்லவில்லை. இடைவெளி குறைவாக இருந்தவர்களைப் பற்றிய ஆய்வுகளில் சிலவற்றில் குழந்தை எடை குறைவு, குறைப்பிரசவம் கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தது, சிலவற்றில் வித்தியாசமே தெரியவில்லை. இந்த விஷயம் இன்னும் தீரவில்லை என்றுதான் நேர்மையாகச் சொல்ல முடியும். கர்ப்பத்தைத் தொடர்வதா என்பது உங்கள் முடிவு, ஆனால் "ஆபரேஷன் ஆகி வருஷம் ஆகல, அதனால குழந்தை ஊனமா பிறக்கும்" என்று யாராவது பயமுறுத்தினால் அதற்கு ஆதாரம் இல்லை. இதில் உங்கள் தப்பு என்று நினைத்துக் குமைய வேண்டாம். எடை இறங்கும்போது நீர்க்கட்டி இருந்தவர்களுக்குக்கூட முட்டை ஒழுங்காக வெளிவர ஆரம்பித்துவிடும், வருடக்கணக்கில் நிற்காத கரு திடீரென்று நிற்கும். இதை டிஸ்சார்ஜ் அன்றைக்கே எல்லோருக்கும் சொல்லி அனுப்ப வேண்டும், நாங்கள் பல பேர் சொல்வதில்லை.

இந்த விஷயத்தில் ஸ்வீடன்காரர்கள் பெரிய அளவில் கணக்கெடுத்திருக்கிறார்கள், அங்கே ஒவ்வொரு பிரசவமும் பதிவேட்டில் இருக்கும். 2015-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஆய்வில், அறுவை செய்துகொண்ட அம்மாக்களையும், அறுவைக்கு முன் அவர்களுக்கு இருந்த அதே எடையில் இருந்து அறுவை செய்யாத அம்மாக்களையும் ஒப்பிட்டார்கள். கர்ப்ப காலச் சர்க்கரை 6.8 சதவீதத்திலிருந்து 1.9-க்கு இறங்கியிருந்தது. ஆனால் வாரத்துக்கு ஏற்ற வளர்ச்சி இல்லாமல் சிறியதாகப் பிறந்த குழந்தைகள் 7.6 சதவீதத்திலிருந்து 15.6-க்கு ஏறியிருந்தார்கள். அதாவது ஒரு பக்கம் நல்லது, ஒரு பக்கம் கவனம் தேவை. 2019-ல் அதே நாட்டிலிருந்து வந்த இன்னொரு ஆய்வில் பெரிய பிறவிக் குறைபாடுகள் பைபாஸ் செய்தவர்களின் குழந்தைகளுக்கு 3.4 சதவீதம், செய்யாதவர்களுடையதில் 4.9 சதவீதம். எடையும் சர்க்கரையும் இறங்கியதால் வந்த லாபமாக இருக்கலாம். அந்தப் பெண்கள் எல்லோருக்கும் உங்களைப் போல ஃபெரிட்டின் 6 இருந்திருக்காது, அதனால் இந்த எண்ணை அப்படியே உங்களுக்குப் பொருத்திவிடவும் மாட்டேன். உங்கள் கர்ப்பத்தில் நான் கவலையோடு பார்ப்பது குழந்தையின் எடையைத்தான், அதற்குத்தான் 24-வது வாரத்திலிருந்து நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை வளர்ச்சி ஸ்கேன் கேட்கச் சொல்கிறேன்.

இப்போது உங்கள் அசல் கேள்வி. இரும்பும் கால்சியமும் உடம்புக்குள் போவது பெரும்பாலும் இரைப்பையைத் தாண்டியதும் வரும் முதல் ஒன்றிரண்டு அடிக் குடலில். பைபாஸ் என்றாலே அந்தப் பகுதியைச் சுற்றிக்கொண்டு போகும் வழி, சாப்பாடு அதைத் தொடுவதே இல்லை. போதாததற்கு இரும்பைக் கரைக்க அமிலம் வேண்டும், உங்கள் சின்னப் பையில் அமிலமும் குறைவு. (ஸ்லீவ் செய்தவர்கள் யாராவது இதைப் படித்தால்: உங்களுக்குக் குடல் பாதை மாறவில்லை, ஆனால் இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிட்டார்கள், அமிலமும் பி12-ஐப் பிடித்துக்கொடுக்கும் புரதமும் உங்களுக்கும் குறையும், வாந்தி பற்றிச் சொன்னது முழுக்க உங்களுக்கும்தான்.) ஆக உங்கள் ரத்தக் குறைவு சாப்பாடு போதாமல் மட்டும் வந்தது இல்லை. சாப்பிட்டது உள்ளே இறங்கும் இடம் மாறிப்போனதால் வந்தது. நம் ஊரில் எல்லா கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கும் சிவப்பு மாத்திரையில் 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கும், அது நேர்வழிக் குடல் இருப்பவர்களுக்குப் போட்ட கணக்கு.

இரண்டாகப் போட்டால்? பெரிதாக ஏறாது, மலச்சிக்கலும் குமட்டலும்தான் இரண்டு மடங்காகும். ஒரு பெரிய டோஸ் இரும்பு உள்ளே போனதும் கல்லீரல் ஒரு ஹார்மோனை விட்டு அடுத்த ஒரு நாளைக்கு குடலின் கதவைக் கொஞ்சம் சாத்திவிடும், அதனால் காலையில் ஒன்று மாலையில் ஒன்று என்று போடும்போது மாலை மாத்திரை நிறைய வீணாகத்தான் போகிறது. இதைப் பார்த்து ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்தால் நன்றாக உறிஞ்சுமா என்று கர்ப்பமில்லாத பெண்களிடம் சோதித்துப் பார்த்து நல்ல பலன் கண்டிருக்கிறார்கள். பைபாஸ் செய்த கர்ப்பிணிக்கு அது பொருந்துமா என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது, அதனால் நீங்களாக அப்படி மாற்ற வேண்டாம்.

ஃபெரிட்டின் என்பது இரும்பின் சேமிப்பு. கர்ப்பத்தில் 30-க்குக் கீழ் போனாலே இரும்புக் குறைபாடு என்கிறோம், 6 என்றால் கஜானா காலி. இந்தக் கர்ப்பம் முழுவதற்கும் உங்கள் உடம்புக்குக் கிட்டத்தட்ட 1000 மி.கி. இரும்பு வேண்டும். மாத்திரையால் மட்டும் இதை நிரப்ப முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை, நரம்பு வழியாக இரும்பு ஏற்றித்தான் ஆக வேண்டியிருக்கும். ஆனால் அதை முதல் மூன்று மாதத்தில் போடுவதில்லை. 13 வாரம் தாண்டியதும் அயர்ன் சுக்ரோஸ் அல்லது ஃபெரிக் கார்பாக்சிமால்டோஸ் போடலாமா என்று உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அயர்ன் சுக்ரோஸ் நம் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே போடுகிறார்கள், பயப்பட ஒன்றும் இல்லை. இரண்டாவது மருந்தில் சிலருக்கு ரத்தத்தில் பாஸ்பேட் இறங்கும், வைட்டமின் டி குறைவாக இருப்பவர்களுக்கு அது இன்னும் தொந்தரவு, உங்களுக்கு டி 13 என்பதால் அதை ஞாபகப்படுத்துங்கள். அதுவரைக்கும் இப்போதிருக்கும் மாத்திரை ஒன்று, வாந்தி குறைவாக இருக்கும் நேரம் பார்த்து, சர்க்கரை போடாத எலுமிச்சை தண்ணீரோடு. அதற்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரத்துக்கு டீ, காபி வேண்டாம்.

உங்கள் மாமியார் தினமும் மாதுளை, பீட்ரூட், பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை என்று மாற்றி மாற்றித் தருகிறார் என்று எழுதியிருந்தீர்கள். அந்த அன்பை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் சிவப்பாக இருப்பதெல்லாம் ரத்தம் ஊறவைக்கும் என்பது நிறத்தைப் பார்த்து வந்த நம்பிக்கை. 100 கிராம் மாதுளை முத்தில் அரை மில்லிகிராம் இரும்புகூட இல்லை, பீட்ரூட்டிலும் ஒரு மில்லிகிராமுக்கு உள்ளேதான். கர்ப்பத்தில் ஒரு நாளைக்கு வேண்டியது 27 மி.கி. முருங்கைக்கீரை நல்ல கீரை, ஆனால் கீரையிலிருந்து வரும் இரும்பை நல்ல குடலே கொஞ்சம்தான் எடுக்கும். நீங்கள் அசைவம் சாப்பிடுவதாகச் சொன்னீர்கள், அப்படியானால் சுவரொட்டி இதையெல்லாம்விட எவ்வளவோ மேல், வாரம் ஒன்றிரண்டு முறை நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம். ஈரலும் அப்படித்தானே என்பார்கள். ஈரல் வேண்டாம். அதில் ரெட்டினால் வடிவ வைட்டமின் ஏ மிக அதிகம், கர்ப்பத்தின் தொடக்கத்தில் அது அளவு மீறினால் குழந்தையின் உருவாக்கத்தையே பாதிக்கும். அதே காரணத்துக்காக மீன் ஈரல் எண்ணெய் மாத்திரையும் வேண்டாம். அறுவைக்குப் பிறகு போட்ட பழைய மல்டிவைட்டமின் வீட்டில் மிச்சம் இருந்தால் அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்ளாமல், அட்டையில் வைட்டமின் ஏ எந்த வடிவம் என்று படித்துப் பாருங்கள், பீட்டா கரோட்டின் என்று இருந்தால்தான் சரி. அதற்காக வைட்டமின் ஏ-வே வேண்டாம் என்று இருந்துவிடவும் முடியாது, பைபாஸில் அதுவும் குறையும். சாயங்காலம் விளக்கு போடும் நேரத்தில் கண் மங்குகிறது, மாலைக்கண் மாதிரி இருக்கிறது என்றால் உடனே சொல்லுங்கள். கேரட், மஞ்சள் பூசணி (பரங்கி), அந்த முருங்கைக்கீரை எல்லாம் இந்த விஷயத்தில் உண்மையாகவே உதவும்.

பி12 168 என்பது குறைவுதான். கர்ப்பத்தில் ரத்தத்தின் நீர் கூடுவதால் பி12 எண் தானாகவே கொஞ்சம் இறங்கும், 20 வாரத்துக்கு மேல் 190, 200 என்று வந்தால் அது உண்மையான குறைவா என்று தயங்கலாம். 9 வாரத்தில், பைபாஸுக்குப் பிறகு, மாத்திரையும் விட்டுவிட்ட ஒருவருக்கு 168 என்றால் தயக்கத்துக்கு இடமே இல்லை, ஊசி போட வேண்டிய எண். குறையை முதலில் நிரப்ப மருத்துவர் அடிக்கடி போடுவார், நிரம்பிய பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி 1000 மைக்ரோகிராம், அல்லது தினமும் 1000 மைக்ரோகிராம் மாத்திரை என்பது வழக்கம். ஊசிக்குப் பயந்து மாத்திரை கேட்பவர்களுக்கு நான் மறுப்பு சொல்வதில்லை, அவ்வளவு பெரிய டோஸில் சுமார் ஒரு சதவீதம் எந்த உதவியும் இல்லாமலே உள்ளே இறங்கிவிடும், அது போதும். ஆனால் வாந்தி இருக்கும் வரைக்கும் உங்களுக்கு ஊசிதான். இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. ஃபோலிக் அமிலம் மட்டும் தாராளமாகப் போட்டுக்கொண்டு பி12-ஐ விட்டுவிட்டால் ரத்த அணுக்கள் பார்க்க நன்றாக ஆகிவிடும், நரம்பு மட்டும் உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே போகும். கை கால் மரமரப்பு, ஊசி குத்துகிற மாதிரி இருந்தால் "ரத்தம் இல்லாததால்தான்" என்று விட்டுவிடாதீர்கள்.

ஃபோலிக் அமிலம் எவ்வளவு என்றால், பொதுவாக நாளுக்கு 400 மைக்ரோகிராம், எடைக் குறியீடு 30-க்கு மேல் இருந்தாலோ சர்க்கரை இருந்தாலோ 4 முதல் 5 மி.கி. உங்கள் உயரம் எழுதவில்லை, அதை வைத்து மருத்துவர் முடிவு செய்வார். இதில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: குழந்தையின் முதுகுத் தண்டு மூடுவது கரு உருவாகி முதல் நான்கு வாரத்துக்குள், உங்களுக்கு அந்தக் கட்டம் முடிந்துவிட்டது. இனிமேல் போடுவது ரத்தத்துக்கும் வளர்ச்சிக்கும் உதவும், அந்த நான்கு வாரத்தைத் திருப்பித் தராது. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றும் ஆவதில்லை. இருந்தாலும் 11-லிருந்து 14 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனையும், 18 முதல் 20 வாரத்தில் எடுக்கும் குறைபாட்டு ஸ்கேனையும் தள்ளிப் போடாதீர்கள், ஸ்கேன் பார்ப்பவரிடம் ஃபோலிக் அமிலம் போடாமல் இருந்ததையும் சொல்லுங்கள், அவர் முதுகுத் தண்டை இன்னும் கவனமாகப் பார்ப்பார்.

கால்சியத்துக்கு அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். கால்சியம் கார்பனேட் என்று இருந்தால் அதைக் கரைக்க அமிலம் வேண்டும், உங்களிடம் அது போதுமான அளவு இல்லை. சிட்ரேட் என்று கேட்டு மாற்றுங்கள். சாப்பாட்டில் வருவதையும் சேர்த்து நாளுக்கு 1200 முதல் 1500 மி.கி., ஒரு வேளைக்கு 500-க்கு மேல் வேண்டாம், இரும்பு மாத்திரைக்கும் இதற்கும் நடுவில் இரண்டு மணி நேரம் இடைவெளி. நிறைய பேர் எல்லா மாத்திரையையும் காலையில் ஒரே வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிடுகிறார்கள், இரண்டும் ஒன்றையொன்று தடுத்துக்கொள்ளும். வைட்டமின் டி-யை வாரம் ஒரு 60,000 யூனிட் பாக்கெட்டாகக் கொடுப்பதா, தினசரி சிறிய டோஸாகக் கொடுப்பதா என்பதில் மருத்துவர்களிடையே வித்தியாசம் உண்டு. 20-க்கு மேல் கொண்டுவர வேண்டும் என்பதில் வித்தியாசம் இல்லை. பாராதைராய்டு ஹார்மோனையும் ஒருமுறை பார்ப்பது நல்லது, ரத்தத்தில் கால்சியம் சரியாகக் காட்டும்போதே அது எலும்பிலிருந்து உருவப்படுகிறதா என்பது அதில்தான் தெரியும்.

இனி "ரெண்டு உயிருக்குச் சாப்பிடணும்" என்பது. உங்கள் பையில் ஒரு வேளைக்கு ஒரு சின்ன கிண்ணம்தான் கொள்ளும், அதில் சாதத்தை நிரப்பிவிட்டால் புரதத்துக்கு இடமே இருக்காது. நாளுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனிலோ கோழியிலோ 20 கிராம் அளவுக்கு, ஒரு கப் தயிரில் 6 அல்லது 7. முதலில் முட்டையோ மீனோ சுண்டலோ, அப்புறம் காய், கடைசியில் இடமிருந்தால் சாதம். தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்காமல் அரை மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். ஆறு வேளையாகப் பிரித்துக்கொண்டால் வாந்தியும் கொஞ்சம் அடங்கும். மாமியாரிடம் "அத்தை, எனக்கு வயிறு சின்னதா இருக்கு, அதுல முட்டைக்கு முதல்ல இடம் குடுங்க" என்று சொல்லிப் பாருங்கள், சண்டை போடாமல் காரியம் நடக்கும். வளைகாப்பு வரும்போது இன்னொரு சிக்கல் வரும், ஏழு வகைச் சாதம், இனிப்பு, ஆளுக்கொரு வாய் ஊட்டுவார்கள். பைபாஸ் செய்தவருக்கு இனிப்பு வேகமாகக் குடலுக்குள் இறங்கினால் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு, பிறகு ஒன்றிரண்டு மணி நேரத்தில் சர்க்கரை தாழ்ந்து மயக்கமும் வரும். ஒரு வாய் போதும், மிச்சத்தை டப்பாவில் வாங்கிக்கொள்ளுங்கள். அரசு கொடுக்கும் ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் வரும் பேரீச்சம்பழத்துக்கும் இதே எச்சரிக்கை.

அதே காரணத்தால் சர்க்கரைப் பரிசோதனைக்கும் உங்களுக்கு வேறு வழி வேண்டும். தமிழ்நாட்டில் எல்லா கர்ப்பிணிகளுக்கும் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கக் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். நல்ல முறைதான், ஆனால் பைபாஸ் செய்தவர் அதைக் குடித்தால் அங்கேயே சுருண்டு விழ வாய்ப்பு உண்டு, எண்ணும் நம்பத் தகுந்ததாக இருக்காது. 24 முதல் 28 வாரத்துக்குள் ஒரு வாரம் வீட்டிலேயே குளுக்கோமீட்டரில் வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பிறகும் பார்த்து எழுதிக் கொடுக்கிறேன் என்று கேளுங்கள். ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) எடுத்தால் போதுமே என்றால், இரும்புக் குறைபாட்டில் அது தவறாக ஏற்றிக் காட்டும்.

சத்துக் குறைவைப் பற்றித்தான் கேட்டீர்கள், ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. பைபாஸ் செய்தவர்களுக்குக் கர்ப்பப்பை மேலே வளரும்போது குடல் உள்ளேயே ஒரு இடுக்கில் சிக்கிக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது, பெரும்பாலும் ஆறாவது மாதத்துக்கு மேல். மேல்வயிற்றில் விட்டுவிட்டு வரும் கடுமையான வலியாக இருக்கும், வீட்டில் சூட்டு வலி என்று வெந்நீரும் சீரகத் தண்ணீரும் கொடுப்பார்கள், சில நேரம் மருத்துவமனையிலும் கேஸ் என்று அனுப்பிவிடுவார்கள். நேரம் கடந்தால் குடல் அழுகிவிடும், அம்மா குழந்தை இருவர் உயிருக்கும் ஆபத்து. அந்த மாதிரி வலி வந்தால் சர்ஜன் இருக்கும் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். வலி மாத்திரை எதையும் கடையில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள், புரூஃபென் வகை மாத்திரைகள் கர்ப்பத்துக்கும் ஆகாது, உங்கள் தையல் இடத்துக்கும் ஆகாது.

இதையெல்லாம் எழுதும்போது எனக்கு எப்போதும் ஒரு ஆதங்கம் உண்டு. அறுவை செய்த சர்ஜனுக்கு நீங்கள் கர்ப்பம் என்று தெரியாது, மகப்பேறு மருத்துவருக்கு எந்த வகை அறுவை, எவ்வளவு குடலைத் தாண்டி இணைத்தார்கள் என்று தெரியாது, நடுவில் நீங்கள் மட்டும் இரண்டு ஃபைலையும் வைத்துக்கொண்டு அலைகிறீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரியை ஒரு நகல் எடுத்து தாய் சேய் நல அட்டைக்குள்ளேயே ஒட்டிவிடுங்கள். பிக்மியில் (அரசின் கர்ப்பப் பதிவேடு) பதிவு செய்யும்போது கிராம சுகாதாரச் செவிலியரிடமும் சொல்லுங்கள், "வேறு ஆபரேஷன்" என்ற இடத்தில் கேஸ்ட்ரிக் பைபாஸ் என்று அவர் எழுதுவதைப் பக்கத்தில் இருந்து பாருங்கள். பிரசவ நேரத்தில் மயக்க மருந்து கொடுப்பவருக்கும் அது தெரிய வேண்டும், ஏனென்றால் வலி குறைக்க முகர வைக்கும் நைட்ரஸ் ஆக்சைடு பி12-ஐ செயலிழக்க வைக்கும்.

எது உறுதி, எது இல்லை என்று கேட்டால்: தயாமின், இரும்பு, பி12 இவற்றை நிரப்பியே ஆக வேண்டும் என்பதில் எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எந்தெந்தப் பரிசோதனை, எவ்வளவு துத்தநாகம், எவ்வளவு செலினியம் என்பதெல்லாம் நிபுணர்கள் கூடிப் பேசி ஒப்புக்கொண்ட அளவுகள், நூற்றுக்கணக்கான கர்ப்பிணிகளை இரண்டு குழுவாகப் பிரித்துச் சோதித்து வந்தவை இல்லை. சத்தையெல்லாம் சரிசெய்துவிட்டால் குழந்தை எடை குறையும் வாய்ப்பு முழுவதும் போய்விடுமா என்பதும் தெளிவாகவில்லை, அம்மாவின் சர்க்கரை தாழ்வாக ஓடுவதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். பணம் ஒரு பிரச்சினை என்றால் பெரிய பேக்கேஜாக எல்லா வைட்டமினும் எடுக்க வேண்டியதில்லை. ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி, கால்சியம், அல்புமின் இவற்றை ஒவ்வொரு மூன்று மாதத்திலும் விடாமல் எடுத்தாலே முக்கியமானவை பிடிபட்டுவிடும். வைட்டமின் ஏ-வை ஒருமுறையாவது பார்த்துவிடலாம்.

பிரசவம் முடிந்ததும் மாத்திரையை விட்டுவிடாதீர்கள், பால் கொடுக்கும் மாதங்களில்தான் இன்னும் கவனம் வேண்டும். அம்மாவிடம் பி12 இல்லையென்றால் பாலிலும் இருக்காது, அப்படிப்பட்ட சில குழந்தைகள் ஆறேழு மாதத்தில் சிரிப்பதை, தலை நிற்பதை நிறுத்தி, கை நடுங்கிக்கொண்டு வருவதை நான் குழந்தைகள் வார்டில் பார்த்திருக்கிறேன். குழந்தை மருத்துவரிடம் முதல் நாளே உங்கள் பி12 எண்ணைச் சொல்லிவிடுங்கள். அடுத்த குழந்தைக்கு இடைவெளி விட வாய்வழி மாத்திரையை நம்ப வேண்டாம், பைபாஸில் அது சரியாக உறிஞ்சாமல் போகலாம், காப்பர் டி போன்ற வேறு வழிகளைக் கேளுங்கள்.

நாளை மருத்துவமனையில் என்ன சொன்னார்கள், தயாமின் போட்டார்களா என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள். 13-வது வாரம் தாண்டி ரத்தப் பரிசோதனை மறுபடி எடுத்ததும் எண்களையும் உயரத்தையும் போடுங்கள், மாத்திரை நேரங்களை உங்கள் வேலை நேரத்துக்கு ஏற்றபடி ஒன்றாக உட்கார்ந்து பிரித்துக்கொள்ளலாம்.